முதலில் குடிவருபவர், பிறகு வீடு: திருவனந்தபுரத்தில் வாடகைக்கு விட நினைப்போருக்குச் சில குறிப்புகள்

ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்ததும், அல்லது வளைகுடாவிலிருந்து பிள்ளை நாலு காசு அனுப்பத் தொடங்கியதும், கரமனை, வலியசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எழும் முதல் பேச்சு, "ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டுடலாமா?" என்பதுதான். நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்தும் இதே கேள்வியோடு இங்கே வருகிறார்கள். பலரும் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள், டைல்ஸைப் பார்க்கிறார்கள், பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று பார்க்கிறார்கள். இந்த வீட்டுக்கு யார் குடிவருவார் என்ற கேள்வி மட்டும் கிரயம் முடிந்த பிறகுதான் எழுகிறது. அதை முதலில் கேட்டுவிடுவோம் என்பதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. பணத்தை எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: "என் வீட்டுக்கு வருபவர் யார்? எங்கே வேலை? எத்தனை பேர்? எத்தனை மாதம் இருப்பார்?" திருவனந்தபுரத்தில் இதற்கு ஒரே பதில் கிடையாது. தலைமைச் செயலகத்துக்கு மாறுதலில் வரும் குடும்பம் பாளையம், வஞ்சியூர், பட்டம் பக்கம் தேடும். பல்கலைக்கழக வளாகம் காரியவட்டத்தில் இருப்பதால் மாணவர்கள் ஸ்ரீகாரியம் தாண்டித் தேடுவார்கள். ஐ.டி. பிள்ளைகளுக்குக் கழக்கூட்டம். நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு உள்ளூர், குமாரபுரம், மெடிக்கல் காலேஜ். ஒவ்வொருவருக்கும் வீட்டின் அளவும் வேறு, தேவையும் வேறு.

2. மெடிக்கல் காலேஜ் வட்டாரத்தைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1951-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, வட்டாரப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி., ஸ்ரீசித்திரா, எஸ்.ஏ.டி. மருத்துவமனைகள் என்று எல்லாம் ஒரே சுற்றுக்குள் இருக்கின்றன. கன்னியாகுமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் ஏராளம். சிகிச்சை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். லாட்ஜில் அத்தனை நாள் இருக்கக் கட்டுபடியாகாது.

என் சித்தி குமாரபுரத்தில் வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையை இப்படி வாடகைக்கு விடுகிறாள். ஒரு மழைநாளில் வள்ளியூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் மருத்துவமனை ஃபைல், தோளில் ஒரு பை. அறையைச் சுற்றிப் பார்க்கவில்லை, வாடகையும் கேட்கவில்லை. "யக்கா, ஒரே ஒரு அடுப்பு போதும். அவுகளுக்குக் கஞ்சி மட்டும் வச்சுக்கிடுதேன்" என்றாள். சித்தி, "அடுப்புக்கென்ன, இருக்கட்டும். முதல்ல உட்காருடி" என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்தாள். இந்த வட்டாரத்தில் வாடகைக்கு விட நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இங்கே கேட்கப்படுவது மாடுலர் கிச்சன் இல்லை. தரைத்தளம், படி ஏறாமல் போகும் கழிவறை, பிடித்து எழ ஒரு கம்பி, வழுக்காத தரை, வெந்நீர், ஓர் அடுப்பு. இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு நல்ல சோபா செட்டின் விலைதான். அறை காலியாகவும் கிடக்காது.

நோயாளி குடும்பத்திடம் வாடகையை நெருக்காதீர்கள். மாதக் கணக்கில் முன்பணம் கேட்காதீர்கள். நாள் வாடகையையோ வார வாடகையையோ தெளிவாகச் சொல்லி, ரசீது கொடுங்கள்.

3. டெக்னோபார்க் 1990-ல் தொடங்கியது. கழக்கூட்டத்தைச் சுற்றிய வாடகைச் சந்தை அதோடு வளர்ந்ததுதான். அங்கே இரண்டு படுக்கையறை வீட்டை மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து எடுப்பார்கள். ஆகவே இரண்டு குளியலறை, நான்கு இருசக்கர வண்டி நிற்க இடம், தடையில்லாத இணையம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது அந்தப் பக்கத்து வீடுகள் வரிசையாகக் காலியாயின. ஒரே தொழிலை நம்பிய தெருவில் வாங்குகிறவர், ஆறு மாதக் கடன் தவணையைக் கையில் தனியே வைத்திருக்க வேண்டும்.

4. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு வெகு முன்பிருந்தே முக்கோலா, பாலராமபுரம் வரை "துறைமுகம் வருகிறது" என்று சொல்லியே மனை விற்கிறார்கள். துறைமுகம் உண்மைதான். ஆனால் இன்று அந்தத் தெருவில் எத்தனை வீடு வாடகைக்குப் போயிருக்கிறது, என்ன வாடகைக்கு என்று நாலு வீட்டில் நேரில் கேட்டுப் பாருங்கள். வரப்போகும் வாடகைக்கு இன்றே விலை கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

5. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். உதாரணத்துக்கு ஒரு ஃப்ளாட் 60 லட்சம். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 6 லட்சம். மின்விசிறி, அலமாரி, வர்ணம் என்று 4 லட்சம். மொத்தம் 70 லட்சம். மாத வாடகை 18,000 என்று வைத்து, ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று கொண்டால் 1,98,000 வரும். அதில் அசோசியேஷனுக்கு மாதம் 2,000, சொத்துவரியும் ரிப்பேரும் 14,000 கழித்தால் மிச்சம் 1,60,000. போட்ட பணத்துக்கு 2.3 சதவீதம்கூட முழுசாக இல்லை. இதில் 48 லட்சத்தைக் கடனாக வாங்கியிருந்தால், எட்டரை சதவீத வட்டிக்கு 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 41,650. வாடகை 18,000. மீதியை உங்கள் சம்பளம்தான் கட்ட வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கலாம். அப்படியானால் அது விலையேற்றத்துக்காக வாங்கும் வீடு. வாடகைக்காக வாங்குவதாக நினைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

6. ஏற்கெனவே சொந்த மனையும் உறுதியான தரைத்தளமும் உள்ளவர்கள் மாடியிலிருந்து தொடங்குவதே நல்லது. 600 சதுர அடிக்கு 15 லட்சம் ஆகிறது, வாடகை 10,000 என்று வையுங்கள். 11 மாதத்துக்கு 1,10,000. செலவுக்கு 15,000 கழித்தாலும் ஆறு சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. காரணம், மனைக்கு மறுபடி விலை கொடுக்கவில்லை. படிக்கட்டை மட்டும் வெளிப்பக்கமாக வையுங்கள். உங்கள் வாசல் வழியே குடியிருப்பவர் போய்வர நேர்ந்தால் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி இருக்காது. அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்பதை மேஸ்திரி சொல்லக் கூடாது, பொறியாளர் சொல்ல வேண்டும். மாநகராட்சி அனுமதியும் புது டி.சி. எண்ணும் (மாநகராட்சிக் கதவு எண்) இல்லாமல் குடிவைக்காதீர்கள்.

7. தமிழ்நாட்டிலிருந்து வந்து மனை பார்க்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சொல் உண்டு: நிலம். நமக்கு நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம். கேரள வருவாய்ப் பதிவில் "நிலம்" என்றால் நெல் வயல். வீடு கட்டக்கூடிய மேட்டு மனைக்குப் பெயர் "புரயிடம்". கரம் (நிலவரி) அடைத்த ரசீதை வாங்கி அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். கண்ணுக்குத் தென்னையும் வாழையும் நிற்கும், சுற்றிலும் வீடுகள் இருக்கும், காகிதத்தில் "நிலம்" என்று இருக்கும். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது டேட்டா பேங்க் என்ற வயல், ஈரநிலப் பட்டியலில் சேர்ந்திருந்தால் கட்டட அனுமதி கிடைப்பது பெரும்பாடு. சேராமல் இருந்தாலும் வகை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பெரிய மனைக்கு அரசு நிர்ணயித்த நியாயவிலையில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும். "அதெல்லாம் மாத்திக்கலாம் சார்" என்று தரகர் சொன்னால், "மாற்றிய பிறகு கிரயம் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிடுங்கள். வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டையும், கிருஷிபவனில் டேட்டா பேங்கையும் நேரில் போய்ப் பாருங்கள்.

8. பேச்சில் செண்ட், பத்திரத்தில் ஆர். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 செண்ட். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. 5 செண்ட் மனை என்று பேசினால் பத்திரத்தில் 2.02 ஆர் இருக்க வேண்டும். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு ஏறத்தாழ ஐந்தரை செண்ட். 5 செண்டுக்கு 1.90 ஆர் என்று கண்டால் எங்கே குறைந்தது என்று கேளுங்கள். வழிக்கு விட்டது என்பார்கள். அந்த வழி பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

9. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்: ஆதாரம் (கிரயப் பத்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர், அடையாள அட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), முன்னாதாரங்கள், குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, நடப்பு ஆண்டுக் கரம் அடைத்த ரசீது, கைவசச் சான்று, இருப்பிட வரைபடம். குமரி மாவட்டத்தார் 1956 வரை இதே திருவிதாங்கூர் வழக்கில் இருந்தவர்கள், அவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமாயிருக்கும். கிரயம் முடிந்ததும் "போக்குவரவு" (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) செய்து உங்கள் பெயரில் தண்டப்பேர் எண் வாங்கும்வரை வேலை முடியவில்லை என்று வையுங்கள்.

10. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். இந்த ஊரில் பல வீடுகளின் சொந்தக்காரர் துபாயிலோ தோஹாவிலோ இருப்பார், தம்பியோ மச்சானோ பவர் பத்திரத்தோடு வருவார். பவர் கொடுத்தவரிடம் வீடியோ அழைப்பில் நேராகப் பேசுங்கள். பவர் ரத்தாகவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு "வீடு என்னுடையது" என்று இருக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2011-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொன்று: உள்நாட்டுக்காரரிடம் 50 லட்சத்துக்கும் அதற்கு மேலும் வாங்கினால் 1 சதவீதம் வரி பிடித்தம் செய்தால் போதும். வெளிநாடு வாழ் இந்தியரிடம் வாங்கினால் அந்த 50 லட்ச வரம்பும் இல்லை, விகிதமும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

11. கடலும் காயலும் தெரியும் வீட்டுக்கு மனம் மயங்குவது இயல்பு. கொச்சி மரடில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே குடியிருந்தவர்களும் உள்ளாட்சி அனுமதியை நம்பித்தான் வாங்கினார்கள். சங்குமுகம், வலியதுறை, வேளி, ஆக்குளம், கோவளம் பக்கம் எதை வாங்கினாலும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் அந்த சர்வே எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். விமான நிலையத்தை ஒட்டிய இடமென்றால் மாடி உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

12. விழிஞ்ஞத்திலிருந்து நாவாயிக்குளம் வரையிலான வெளிவட்டச் சாலைக்கு எடுக்கப்படவிருக்கும் சர்வே எண்களைச் சரிபார்க்காமல் அந்தப் பாதையில் மனை வாங்க வேண்டாம். அறிவிப்பு வந்த மண்ணை விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாமல் குடும்பங்கள் தவிக்கின்றன.

13. புது ஃப்ளாட் என்றால் கே-ரெரா (கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ உள்ள திட்டத்துக்குப் பதிவு கட்டாயம். ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுநருக்கு உரிமையில்லை. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். விலையைக் கார்ப்பெட் ஏரியாவுக்குப் பிரித்துப் பாருங்கள், சூப்பர் பில்ட்அப் கணக்கு எதற்கும் உதவாது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, முடித்துக் குடிபுகல் சான்று வாங்கிய வீட்டுக்கு இல்லை. முதல் தடவை வாங்குபவர் முடிந்த வீட்டையே வாங்கட்டும் என்பேன்.

14. வீட்டை மழையில் பாருங்கள். இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழை) ஒரு தடவை, துலாவர்ஷத்தில் (வடகிழக்குப் பருவமழை) சாயங்கால இடிமழை பெய்து முடிந்ததும் ஒரு தடவை. 2023 அக்டோபர் மழையில் டெக்னோபார்க் பக்கமே தண்ணீரில் நின்றது. தம்பானூர் எத்தனையோ தடவை மூழ்கியிருக்கிறது. சுவரின் அடியில் ஒரு முழம் உயரத்துக்குப் புது வர்ணம் மட்டும் பளிச்சென்று இருந்தால், அலமாரியைத் திறந்து உள்சுவரைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஈரமும் சுண்ணாம்பும் ஒட்டும். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம், "சேட்டா, இவிடெ வெள்ளம் கேறுமோ?" என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

15. சிறியதாகக் கட்டுகிறவர்கள் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வீடுகளை ஒரு நாள் போய்ப் பாருங்கள். 2007-ல் மறையும் வரை இந்த ஊரில் நாலாஞ்சிறையில் வாழ்ந்தவர். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அவர் கட்டியது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காற்றுக்கு இடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டுமுறையில் ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சம். சுவர் நடுவில் காற்று நிற்பதால் அறையும் கொதிக்காது. பூசாத செங்கல்லுக்கு வருடா வருடம் வர்ணமும் வேண்டாம். வாடகை வீட்டில் வர்ணச் செலவுதான் மௌனமாக லாபத்தைத் தின்பது. ஆனால் இந்த வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். அவர் வழிவந்த காஸ்ட்ஃபோர்ட் அமைப்பிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

16. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது ஏழரை மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். மாடிக்குத் தனி மின் மீட்டர் வாங்குங்கள். கே.எஸ்.இ.பி.யில் யூனிட் கூடக்கூட விலையும் ஏறும், இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் இருவருக்கும் நஷ்டம், சண்டையும் மிச்சம். வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனைக்கு மாதக் கட்டணம் யார் கொடுப்பது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

17. மனையைக் கட்டுநரிடம் கொடுத்து, பங்குக்கு ஃப்ளாட் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இப்போது பரவலாகிவருகிறது. பழைய வீட்டை இடிக்கும் முன் எழுத்தில் வேண்டியவை: எத்தனை வீடு, எந்தத் தளம், எந்தத் திசை, எத்தனை மாதம், தாமதமானால் மாதம் எவ்வளவு, அதுவரை நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு யார் வாடகை. பவர் பத்திரத்தை அவர் பங்குக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் பங்கை அடமானம் வைக்க அதில் இடம் இருக்கக் கூடாது. நம் ஊர்க்காரர், சொந்தக்காரர் என்பதற்காக ஒரு வரியையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

18. வாடகை ஒப்பந்தத்தை 11 மாதத்துக்கு எழுதுவது வழக்கம், ஓராண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கேரளத்தில் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் நடப்பில் உள்ளது. பாக்கி, சொந்தத் தேவை போன்ற காரணங்களைக் காட்டி நீதிமன்றம் வழியாகத்தான் காலி செய்யச் சொல்ல முடியும். பூட்டுப் போடுவதும் தண்ணீரை நிறுத்துவதும் உங்களையே குற்றவாளியாக்கும். ஒற்றிக்கு, அதாவது மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் வீடு கொடுப்பவர்கள், அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். காலி செய்யும் நாளில் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல்தான் பல வீடுகள் கைமாறுகின்றன. கோவளம், வர்க்கலையில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை உரிய படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

19. வாடகை வருமானத்தில் நீங்கள் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே தள்ளிவிடுகிறது, பில் காட்டத் தேவையில்லை. கடன் வட்டியையும் கழிக்கலாம். வாடகையை வங்கி வழியே வாங்குங்கள்.

20. கையில் ஓரிரு லட்சம் மட்டும் இருப்பவர்கள் கடன் வாங்கி மனைக்கு ஓட வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் ரெய்ட் (ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை) அலகுகள் கிடைக்கின்றன. இந்தியாவில் முதலாவதான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் ரெய்ட் 2019 ஏப்ரலில் சந்தைக்கு வந்தது. பெரிய அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் ஒரு துளி உங்களுக்கும் வரும், ஓர் அலகுகூட வாங்கலாம். விலை ஏறும், இறங்கும். வேண்டாமென்றால் மறுநாளே விற்கலாம், அந்த வசதி மனையில் இல்லை.

21. சாவி கொடுக்கும் நாளில் குடிவருபவரோடு சேர்ந்து வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். மீட்டர் எண், குழாய், கண்ணாடி, சுவர்க் கீறல் எல்லாவற்றையும் அவர் போனிலும் உங்கள் போனிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மோட்டார் போடும் நேரம், குப்பை எடுக்க வரும் நாள், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எண்கள் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி அடுக்களைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். சித்தி அந்த அட்டையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறாள். கடைசி வரியில் ஆர்.சி.சி.க்குப் போகும் பஸ் நேரம் இருக்கிறது.